விடிந்தாலும் இறங்காத போதை

"ராத்திரி குடித்தது ராத்திரியோடு போயிற்று." வண்டி ஓட்டும் நம் தோழர்கள் பலர் சொல்லும் சமாதானம் இது. போகவில்லை என்பதற்குக் கணக்கே சாட்சி.

ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் உண்டு. 60 கிலோ எடையுள்ளவர் அதை இரவு 11 மணிவாக்கில் குடித்தால், 100 மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் வரை ஏறும். ஈரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். விடியற்காலை 4 மணிக்கு 75 மிச்சம். சட்டத்தின் வரம்பு 30! ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறலாம். ஆனால் பச்சைத் தண்ணீர்க் குளியலோ, மோரோ, காப்பியோ இந்தக் கணக்கை மாற்றாது.

திருமலையில் மது கூடாது என்று அலிபிரியில் மூட்டையைச் சோதிக்கிறார்கள். இரத்தத்தில் மலையேறுவதை எந்த மூட்டையில் தேடுவது? பக்தர்களை ஏற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்பும் ஜீப்பும் வேனும், திரும்புகையில் 1944இல் திறந்த பழைய பாதையின் வளைவுகளில்தான் இறங்க வேண்டும். அங்கே அரை நொடித் தாமதம் போதும்.

சித்தூர்ப் பக்கம் நிலைமை வேறு. 2025 மாம்பழ சீசனில் கூழ் ஆலை வாசல்களில் தோத்தாபுரி லோடு வண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. படுக்க இடமில்லாத டிரைவர் தூக்கத்துக்காகக் குடிக்கிறான். விடியலில் வரிசை நகர்ந்தால் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான். குற்றம் அவனுடையது மட்டும்தானா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அக்குற்றத்துக்குத் தூண்டுதலாக இருப்பவருக்கும் தண்டனை உண்டு என்கிறது 188ஆம் பிரிவு. நைட் லோடுக்குப் பேட்டாவோடு பாட்டிலும் கொடுத்து, காலையில் "வண்டியை எடு" என்று விரட்டும் முதலாளிகள் இதைப் படிக்கட்டும். 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி, 5 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு தர வேண்டியிருந்தது. நம்மவர் எத்தனை பேருக்கு அது கிடைத்தது?

ஆந்திரத்தில் 1995இல் மதுவிலக்கு வந்ததையும் 1997இல் அது தளர்ந்ததையும் பார்த்தவர்கள் நாம். அரசு கடையை மூடும் வரை காத்திருப்பது வீண். மறுநாள் வண்டி எடுப்பவர் முந்தின இரவு தொடவே கூடாது. தொட்டுவிட்டவர் "இன்று என்னால் முடியாது" என்று சொன்னால் அன்றைய கூலி போகட்டும், வேலை போகக் கூடாது. இந்த உறுதியை ஒவ்வொரு லாரி ஆபீசிலும் டிராவல்ஸிலும் எழுத்தில் வாங்கியாக வேண்டும். அடுத்த மாம்பழ சீசனுக்கு முன்பே அதைக் கேட்கத் தொடங்குவோம்.