‘ஆட்டோமேடிக்கா ஆகிடும் சார்!’

எந்த ஆபீஸிலாவது கம்ப்யூட்டர் பிரிவில் போய் “பேக்கப் எடுக்கறீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் ஆட்டோமேடிக்கா ஆகிடும் சார்” என்று பதில் வரும். சொல்பவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ‘கிட்லேப்’ கம்பெனியின் கதை ஒன்று போதும்.

உலகம் முழுக்க உள்ள புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் இடம் அது. 2017 ஜனவரி 31, ராத்திரி. அங்கே இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள். ஒன்று அசல், இன்னொன்று நகல். நகல் மக்கர் செய்தது. அதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஒரு இன்ஜினீயர் அழிக்கும் கட்டளையைத் தட்டினார். ஓரிரு விநாடியில் உறைத்தது. தட்டியது நகலில் இல்லை, அசலில்! பதறிப்போய் நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5.

“பேக்கப் இருக்குமே?” என்பீர்கள். இருந்தது. ஒன்றல்ல, பல வழிகளில். தினமும் தானாக ஓடும் பேக்கப் ஒன்று. மென்பொருளின் வெர்ஷன் பொருந்தாததால் அது தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றால் ஈமெயில் அனுப்ப வேண்டும். பாவம், கடமை தவறாமல் அனுப்பியது. அந்த ஈமெயில்களை மெயில் சர்வர் ஏற்காமல் திருப்பிவிட்டது. பேக்கப் போய்ச் சேரும் இடத்தைத் திறந்து பார்த்தால், துடைத்து வைத்த மாதிரி காலி. டிஸ்க்குகளைத் தானாகப் படமெடுத்து வைக்கும் வசதியும் உண்டு. டேட்டாபேஸ் சர்வர்களுக்கு மட்டும் அதை யாரும் போட்டு வைக்கவில்லை!

கடைசியில் கைகொடுத்தது ஒரு ஸ்னாப்ஷாட். 6 மணி நேரம் முன்னால், வேறு ஏதோ சோதனைக்காக, கையால் எடுத்தது. எடுத்தவர் யார்? அழித்த அதே இன்ஜினீயர். அதை வைத்துத் தட்டுத் தடுமாறி எழுந்தார்கள். இடையில் போன 6 மணி நேரம் போனதுதான். சுமார் 700 புதிய உறுப்பினர்கள் உட்பட.

அதென்ன ஸ்னாப்ஷாட்? மளிகைக் கடைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முழு நோட்டையும் ஜெராக்ஸ் எடுப்பது பேக்கப். ஸ்னாப்ஷாட் வேறு மாதிரி. “இந்த நிமிஷத்திலிருந்து எந்தப் பக்கத்தையும் அடிக்காதே, கிழிக்காதே. திருத்தணும்னா புதுப் பக்கத்தில் எழுது. பழசு அப்படியே இருக்கட்டும்” என்று உத்தரவு போடுவது. அதனால்தான் எத்தனை பெரிய டிஸ்க்காக இருந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. ஆரம்பத்தில் இடமும் அடைக்காது. நீங்கள் திருத்தத் திருத்தத்தான் பழைய பக்கங்கள் சேர்ந்து இடம் பிடிக்கும். ஒரு மணிக்கு ஒன்று என்று எடுக்கச் சொன்னால், மத்தியானம் தப்பாக அழித்த எக்ஸெல் ஷீட்டைக் காலை பதினொரு மணி நிலைக்குக் கொண்டு போய்விடலாம். கிட்டத்தட்ட கால யந்திரம். ஆப்பிள் கம்பெனி 2007-ல் மேக்குக்குக் கொடுத்த பேக்கப் வசதிக்குப் பெயரே ‘டைம் மெஷின்’தான். கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடைசி ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தையதற்கு வாரத்துக்கொன்று என்று வைத்துக்கொள்ளும். இடம் தீர்ந்தால் மிகப் பழசைத் தூக்கிப் போடும்.

ஒரே ஒரு சிக்கல். நோட்டே தீப்பிடித்தால்? அதே டிஸ்க்கில் இருக்கும் ஸ்னாப்ஷாட், டூப்ளிகேட் சாவி செய்து அதே சாவிக்கொத்தில் மாட்டின மாதிரி. தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும். வைரஸ்காரர்களுக்கும் இது தெரியும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் பல வைரஸ்கள் விண்டோஸில் முதலில் அழிப்பது இந்தப் பழைய நிழல் பிரதிகளைத்தான்.

தீ என்று சும்மா சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்க டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் ஃபைல்களைப் போட்டு வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ எரிந்து போனது. 858 டெராபைட். வெளியே வேறு பிரதி கிடையாது. உலகத்தையே சிப் விற்று மடக்கிய தேசத்தில்!

அதனால் ஒரு பழைய கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 3-2-1. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் அல்லது குறைந்தபட்சம் வேறு கட்டடத்தில். மொபைலும் கம்ப்யூட்டரும் இணையக் கிடங்கும் ஒன்றையொன்று பார்த்துக் காப்பியடிப்பது பேக்கப் ஆகாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் சமர்த்தாக அழிந்துவிடும். குப்பைத்தொட்டியில் தேட உங்களுக்குச் சில நாள் அவகாசம், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் விட முக்கியம், எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. கிட்லேபில் பேக்கப் எடுக்க ஏற்பாடு இருந்தது. திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு பழைய ஃபைலைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். பத்து நிமிஷ வேலை.

ஆபீஸிலும் இனிமேல் “பேக்கப் எடுக்கறீங்களா?” என்று கேட்காதீர்கள். “கடைசியா எப்ப ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்க?” என்று கேளுங்கள். ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டால், அன்றைக்கே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடுவது நல்லது.