கிணற்றுக்கு 18 மீட்டர், ஆளுக்கு அரை மீட்டர்

செப்டிக் டேங்க் கட்டுவதற்கு இந்த நாட்டில் விதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. சிவில் டிப்ளமா படித்தபோது மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன் நான். இந்தியத் தர விதி 2470. 1985இல் திருத்தி வெளியிட்டார்கள். தொட்டியின் அகலம் 75 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. நீளம், அகலத்தைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு. தண்ணீர் ஆழம் ஒரு மீட்டராவது வேண்டும். குறைந்தது 1000 லிட்டர் கொள்ள வேண்டும். தொட்டித் தண்ணீரை மண்ணில் இறக்குகிற உறிஞ்சுகுழி குடிதண்ணீர்க் கிணற்றுக்கு 18 மீட்டர் தள்ளியும், வீட்டுக்கு 6 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். கிணற்றில் கிருமி இறங்கக்கூடாது, அஸ்திவாரம் ஊறக்கூடாது. நல்ல விதிதான்.

ஆனால் யாருடைய மனையை நினைத்து எழுதின விதி இது? கிராமத்தில் எங்களுக்கு அரசு கொடுக்கிற இலவச மனை மூணு சென்ட். சதுரமாக அளந்தால் பக்கத்துக்கு 11 மீட்டர். மூலைக்கு மூலை டேப் பிடித்தாலும் 16 மீட்டர் எட்டாது. அதுக்குள்ளதான் வீடு, கக்கூஸ், தொட்டி, குழி, அடிபம்பு எல்லாம். 18 மீட்டருக்கு நாங்க எங்க போறது? என் குழிக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு அடிபம்பு. அவன் குழிக்குப் பக்கத்தில் என் அடிபம்பு. நிலத்தைக் கொடுக்காமல் தூரத்தை மட்டும் கொடுக்கிறது விதி.

நிலம் உள்ளவன் விதியை மதிக்கிறானா? பிளானில் தொட்டி ஒழுங்காக இருக்கும். கட்டும்போது மாடிப்படிக்கு அடியில் போகும், கார் நிறுத்துகிற இடத்துக்கு அடியில் போகும். மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டிவிடுவான். ஈசானி மூலையில் கூடாது, வாயு மூலைக்குக் கொண்டுபோ என்று வாஸ்துக்காரர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "லாரிக் குழாய் எட்டுற மாதிரி வைங்க சார்" என்று சைட்டில் நின்று நான் சொன்னால் சிரிப்பார்கள். "ரொம்பினா அப்பப் பாத்துக்கலாம்ப்பா. ஆள் கிடைக்காமலா போயிடும்?"

அந்த 'ஆள்' யார்? எந்தத் தெருவிலிருந்து வருவான்? அவர் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமலே அருந்ததியர் தெருவுக்கு வண்டி போகும்.

தொட்டி மூடியின் வாய் குறைந்தது அரை மீட்டர் விட்டம் வேண்டும் என்கிறார்கள். அதற்குப் பெயர் மேன்ஹோல். எந்த மனுசனுக்கான ஓட்டை அது? வீட்டுக்காரன் மூக்குக்கு நாத்தம் எட்டாமல் இருக்கக் காற்றுக்குழாயைக் கட்டடத்துக்கு மேலே 2 மீட்டர் தூக்கச் சொல்லும் விதி. இறங்குகிறவன் மூக்கு? ஆடை படிந்த கசடைக் கலக்கியதும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். லேசாக இருக்கும்போது அழுகிய முட்டை நாத்தம். அளவு கூடினால் மோப்ப நரம்பே மரத்துப்போகும். நாத்தம் போயிடுச்சு என்று நினைக்கிற நேரத்தில் சாவு நிற்கிறது. அவனைத் தூக்க இறங்கினவனும் மேலே வருவதில்லை. மறுநாள் பேப்பரில் "விஷவாயு தாக்கிப் பலி". வாயுவா வந்து வேலைக்குக் கூப்பிட்டது?

சட்டம் இல்லாமலா? 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரனும் இதில் அடக்கம். செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2023இல் 30 லட்சம் ஆக்கியது. அதே 2023இல் மத்திய பட்ஜெட், மேன்ஹோல் இனி மெஷின்ஹோல் ஆகும் என்று அறிவித்தது. பெயர் மாறிவிட்டது, சாவுக்கான தொகையும் ஏறிவிட்டது. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற தொட்டி மட்டும் அங்கேயே இருக்கிறது.

செத்த பிறகு பேசுகிற சட்டம் போதாது. சாவு பிளான் போடும் மேசையிலேயே ஆரம்பிக்கிறது. அங்கேயே தடுக்க வேண்டும். லாரி நிற்கும் இடம், குழாய் போகும் வழி, திறந்த வெளியில் மூடி: இந்த மூன்றும் காட்டாத பிளானுக்கு அனுமதி தரக்கூடாது. மறைத்துக் கட்டிய தொட்டியில் ஆள் செத்தால் வீட்டுக்காரனோடு, அதற்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரியும் கூண்டில் ஏற வேண்டும். மூணு சென்ட் மனைகளுக்குத் தனித்தனிக் குழி தோண்டச் சொல்லிக் கைகழுவாமல், பொதுத் தொட்டியும் குழாயும் அரசு போட வேண்டும். அதைச் சுத்தம் செய்ய மிஷினும் வர வேண்டும்.

சிவில் படிக்கிற தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்கள் மேசைக்கும் பிளான் வரும். கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அத்தோடு இன்னொன்றும் கேளுங்கள்: இதைச் சுத்தம் செய்ய ஆள் இறங்கணுமா? இறங்கணும் என்றால், கையெழுத்துப் போடாதீர்கள்.