புந்தோங்கிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்?

தேசப்படத்தின்மேல் நூல் பிடித்து அளந்தால் ஈப்போவுக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடைப்பட்ட ஆகாய தூரம் ஏறக்குறைய 2,560 கிலோமீட்டர். விமானத்துக்கு இது நாலு மணி நேரப் பிரயாணம். ஆயினும், எட்டயபுரம் பக்கத்துப் பந்துக்களில் ஒருவர் காலமானார் என்று நள்ளிரவில் செய்தி கேட்ட, ஈப்போ நகரத்துப் புந்தோங்வாசி, விசா கையில் தயாராக இருந்து, விடியுமுன் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாலும், முகம் பார்க்கக் கொடுத்துவைப்பது அபூர்வம். அவர் போய்ச் சேரும்போது பால் தெளித்து முடிந்திருக்கும்.

காரணம், ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தில் ஓடுபாதையின் நீளம் 2,000 மீட்டர்தான். சிங்கப்பூர் போன்ற சமீபத்து ஊர்களுக்கே அங்கிருந்து சேவை. ஆகவே நம் ஜனங்கள் முதலில் ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தெற்கே சிப்பாங் விமான நிலையத்துக்குச் சென்று, மூன்று மணி நேரம் முன்னதாகவே வரிசையில் நின்று, பிறகு வந்த திசைப்பக்கமே திரும்பி வடமேற்காக 2,690 கிலோமீட்டர் பறக்கிறார்கள். காலை எட்டரைக்கு ஏறிப் பத்து மணிக்குள் திருச்சியில் இறங்குவதாகப் பயணச்சீட்டு சொல்வதைப் பார்த்து, ‘ஒன்றரை மணி நேரந்தானா!’ என்று வியக்கும் பாட்டிமார் இன்றும் உண்டு. இரு தேசங்களின் கடிகாரங்களுக்கும் இடையே உள்ள இரண்டரை மணி வித்தியாசம், போகையில் மறைத்ததைத் திரும்புகையில் வட்டியோடு வாங்கிக்கொள்கிறது.

முற்காலத்தில் நம் வாசல் வடக்கே இருந்தது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’வும் அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் பினாங்கையும் நாகப்பட்டினத்தையும் இணைத்தன; கடற்பிரயாணம் நாட்கணக்கில் நீண்டதென்றாலும், கப்பலேறும் துறை ஈப்போவிலிருந்து எட்டிப்போகும் தொலைவில்தான் இருந்தது. 1980-களின் நடுவில் ‘சிதம்பரம்’ தீ விபத்துக்குள்ளாகி அந்தச் சேவை நின்றது. ஆகாய மார்க்கம் வலுப்பெற, வாசலும் தெற்கே நகர்ந்துவிட்டது.

ஈப்போ ஓடுபாதையை நீட்டவேண்டும் என்பாரும் உளர். சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்ட நிலையில், அந்தக் கோரிக்கையைவிடச் சுலபமாகக் கைகூடக்கூடியது பினாங்கு–திருச்சி நேரடிச் சேவையே என்பது என் அபிப்பிராயம். 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு இண்டிகோ நிறுவனம் நேரடிச் சேவை தொடங்கியது மெத்தச் சந்தோஷம். ஆனால் கச்சாங் பூத்தே என்னும் கடலை வகைகளை வறுத்துப் புந்தோங்குக்குப் பெயர் வாங்கித் தந்த குடும்பங்களின் பூர்வீகம் எட்டயபுர வட்டாரம். அவர்கள் சென்னையில் இறங்கினால், மறுபடி ஓர் இரவு முழுவதும் ரயிலில் கழிய வேண்டும். பினாங்கிலிருந்து திருச்சிக்கோ 2,450 கிலோமீட்டரே. சிப்பாங் வழியைவிட வானத்திலும் குறைவு, தரையிலும் குறைவு.

பேராக் மாநிலத்துச் சட்டமன்ற உறுப்பினர்களும், ஈப்போவின் இந்தியர் சங்கங்களும் ஒன்றுகூடி, பினாங்கு–திருச்சி சேவையையும், அதன் நேரத்துக்கு இசைவாக ஈப்போவிலிருந்து, பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸுக்கு ஒரு பேருந்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். விமானத்தை மாத்திரம் பெற்றுப் பேருந்தை மறந்தால், வாகனமில்லாத வயோதிகர்கள் பழையபடி பிறர் கையை எதிர்பார்த்தே நிற்பார்கள்.