வீட்டுக்குள் பேசுவதும் வீதிக்குச் சொல்வதும்



உங்கள் ஊரிலும் ஒரு சிறிய மாதர் நலன்புரிச் சங்கம் இருக்கக் கூடும். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு வங்கிக் கணக்கு, ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம். விதவைகளுக்கு உலர் உணவு, பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து. ரமழான் வந்தால் வேலை இரட்டிப்பாகும். இப்படியான சங்கங்களைப் பணத் தட்டுப்பாட்டைவிடப் பேச்சுத்தான் அதிகம் உடைக்கிறது என்பது என் எண்ணம். உள்ளே எல்லோரும் அறிய வேண்டியது இரண்டு பேரோடு நின்றுவிடுகிறது. வெளியே போகக் கூடாதது ஊரெல்லாம் போய்விடுகிறது.

தலைவியும் பொருளாளரும் தொலைபேசியில் ஒரு முடிவெடுக்கிறார்கள். நல்ல முடிவாகவே இருக்கட்டும். மற்ற அங்கத்தவர் அதைக் கல்யாண வீட்டில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டால், "நம்மள ஒரு ஆளாக எடுக்கல்லயே" என்ற மனத்தாங்கல் வராதா? வட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பீர்கள். ஸலாமுக்கும் ஜனாஸா அறிவித்தலுக்கும் நடுவே பணம் பற்றிய செய்தி புதைந்து போகும். வயதான சகோதரிகள் சிலரிடம் அந்த வகைத் தொலைபேசியும் இருக்காது. ஒரு கூட்ட அறிக்கைப் புத்தகம் வாங்குங்கள். யார் வந்தார், எவ்வளவு, எதற்கு, யார் மறுத்தார் என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்துக் கையொப்பமிடுங்கள். வராதவருக்கு அன்று மாலையே ஒருவர் சொல்லிவிட வேண்டும். நமக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகறாவின் 282 ஆம் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம்.

இனி வெளிப்பேச்சு. இதில் என்னை உறுத்துவது புகைப்படம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர் "படம் அனுப்புங்கள்" என்கிறார். உடனே பதாகையைக் கட்டி, பொதியைக் கையில் கொடுத்து, அந்தப் பெண்ணை நிறுத்திப் படம் எடுக்கிறோம். அவள் மறுப்பாளா? மறுத்தால் அடுத்த மாதம் கிடைக்காதோ என்ற பயத்தில் தலையாட்டுவாள். அந்தப் படம் அவளுடைய மகளின் வகுப்புத் தோழியின் வீட்டுக்கும் போகும். நாளை அந்தப் பிள்ளை பாடசாலைக்கு எந்த முகத்தோடு போவாள்?

நன்கொடையாளர் கணக்குக் கேட்பது நியாயம்; அதற்கு முகம் தேவையில்லை. பொருள் வாங்கிய பற்றுச்சீட்டு, அடுக்கி வைத்த பொதிகளின் படம், பெயருக்குப் பதிலாக இலக்கமிட்ட பட்டியல் ஆகியவற்றை அனுப்புங்கள். கையொப்பங்கள் உள்ள பட்டியல் செயலாளரின் அலுமாரியில் பூட்டியிருக்கட்டும். அடையாள அட்டை இலக்கத்தோடு கூடிய பட்டியலைத் தொலைபேசியில் கைமாற்றவே வேண்டாம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கவென்று 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டமே நிறைவேற்றப்பட்டது.

ஊருக்குச் சொல்ல வேண்டியதைத் தாராளமாகச் சொல்லுங்கள். வரவு, செலவு, மீதி, உதவி பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மாதம் ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். கேள்வி வந்தால் பதில் சொல்ல ஒருவரை நியமியுங்கள். ஆளுக்கொரு கதை சொன்னால் உண்மையும் பொய்யாகத் தோன்றும்.

பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதச் சிங்களம் தெரிந்தவரைத் தேடி நாட்களைப் போக்காதீர்கள். அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 1988 ஆம் ஆண்டுப் பதினாறாவது திருத்தம் தந்திருக்கிறது. கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டு போய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரும்படி கேட்டு வாங்கி வாருங்கள்.