கட்டவிழ்க்கும் காலம்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று பூசை முடிந்து வெளியே வருகையில், கோயில் முகப்பில் ஒரு மாமியாரும் மருமகளும் நம்மை நிறுத்தினர். மருமகளின் தோளில் நான்கு மாதக் குழந்தை உறங்கிக் கொண்டிருந்தான். பெண்கள் இருவர் முகத்திலும் உறக்கமில்லாத இரவுகளின் களைப்புத் தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசவில்லை என்பதும் தெரிந்தது.

"பிறந்த நாள் முதல் துணியால் பொதிந்து கட்டித்தான் தூங்க வைக்கிறோம். கட்டை அவிழ்த்தால் கால் மணிக்கு ஒரு தரம் திடுக்கிட்டு விழித்து அழுகிறான். இவளோ இனிமேல் கட்டவே கூடாது என்கிறாள். நான் பெற்ற ஐந்தும் ஆறு மாதம் வரை கட்டி வளர்ந்த பிள்ளைகள்தாம். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்" என்றார் மூத்தவர்.

"அத்தை சொல்வதைக் குற்றமென்று நான் சொல்லவில்லை. போன வியாழக்கிழமை இரவு நடந்ததையும் அவர்களே சொல்லட்டும்" என்றாள் இளையவள்.

பெரியவர் மறைக்காமல் சொன்னார். இரவு இரண்டு மணியளவில் மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, கைகள் உடலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த குழந்தை குப்புறப் புரண்டு, முகம் மெத்தையில் அழுந்திக் கிடந்தான். கையை ஊன்றித் தலையைத் தூக்க அவனால் இயலவில்லை. ஓடிச் சென்று புரட்டிப் போட்டவர் பாட்டியேதான். "அன்று முதல் எனக்கும் தூக்கம் போயிற்று. கட்டினால் பயம், அவிழ்த்தால் அழுகை. நான் என்ன செய்ய?" என்று கண் கலங்கினார்.

இருவருக்கும் இருந்தது ஒரே அச்சம் என்பதை அவர்கள் அப்போது உணரவில்லை. அவர்களுக்கு அங்கே சுருக்கமாகச் சொன்னதை, நம் பங்குகளில் கைக்குழந்தை உள்ள எல்லா இல்லங்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே விரிவாக எழுதுகிறோம்.

பச்சிளங் குழந்தையைத் துணியில் பொதிவது மிகப் பழைய வழக்கம். மரியன்னை தம் தலைமகனைத் துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்று லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. வானதூதர் இடையர்களுக்குக் கொடுத்த அடையாளமும் அதுவே. சாலமோனின் ஞான நூலின் ஏழாம் அதிகாரத்தில், தானும் மற்றெல்லா மனிதரையும் போலப் பொதி துணிகளில் வளர்க்கப்பட்டவனே என்று அரசன் நினைவுகூருகிறான். ஆகையால் இவ்வழக்கத்தை அறியாமை என்று இகழ்வது சரியன்று. அதற்குத் தக்க காரணமும் உண்டு.

கருவறையின் நெருக்கத்தில் பல மாதங்கள் வளர்ந்த சிசுவுக்கு வெளியுலகின் வெட்டவெளி புதிது. சிறு ஓசை கேட்டாலும், தலை சற்றுச் சாய்ந்தாலும் அதன் இரு கைகளும் விரிந்து, பின் எதையோ தழுவ வருவதுபோல் குவிகின்றன. 'தூக்கிவாரிப் போடுகிறது' என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். ஹைடல்பர்க் நகரின் குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ 1918-ஆம் ஆண்டு இதை விவரித்து எழுதியதால், மருத்துவ நூல்களில் இது அவர் பெயரால் வழங்குகிறது. துணியால் பொதியும்போது இந்தத் திடுக்கிடல் அடங்குகிறது. குழந்தை நீண்ட நேரம் உறங்குகிறது. நான்கு முதல் ஆறு மாதத்திற்குள் இவ்வனிச்சைச் செயல் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். இறைவன் பொதிதுணிக்கு ஒரு காலம் வைத்தது போலவே, அது தேவைப்படாமற் போகவும் ஒரு காலம் வைத்திருக்கிறார்.

அந்தக் காலம் எப்போது வருகிறது? மாதக் கணக்கைவிடக் குழந்தையின் செயலே இதற்குச் சரியான அளவுகோல். மல்லாக்கக் கிடத்திய குழந்தை ஒருக்களிக்க முயன்றாலும், ஒரு தோளை உயர்த்தித் திரும்பினாலும், காலை உந்தி இடுப்பைப் புரட்டினாலும், அன்றே கட்டும் பழக்கம் முடிய வேண்டும். சில குழந்தைகள் மூன்றாம் மாதத்திலேயே, அரிதாக அதற்கும் முன்பே இவ்வாறு முயல்வதுண்டு. குழந்தை முழுவதும் குப்புற விழட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருக்கலாகாது. முதல் தடவை முழுவதும் புரள்வது நள்ளிரவிலும் நேரலாம். அப்போது பக்கத்தில் விழித்திருப்பவர் எவரும் இல்லாமலும் போகலாம்.

குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்தால் நம் வீடுகளில் பலகாரம் செய்து பகிர்வதுண்டு. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்றனர். இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, ஒரு முழங்காலை மடக்கி, தலை நிமிர்த்தி ஆடும் பருவம் அது. கைகள் கட்டப்பட்டிருக்கும் குழந்தை எதை ஊன்றித் தலை நிமிர்த்தும்? புரளும் வலிமையைப் பெற்ற குழந்தைக்கு நிமிரும் கையும் வேண்டும்.

இது வெறும் அச்சமன்று. பொதிந்து உறங்கவைத்த குழந்தைகளின் திடீர் மரணங்களைப் பற்றிய நான்கு ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து, 2016-ஆம் ஆண்டு 'பீடியாட்ரிக்ஸ்' என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. பொதிந்த நிலையில் குப்புறக் கிடந்த குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி என்றும், ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைகளைப் பொதிந்தால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்றும் அது காட்டியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022-ஆம் ஆண்டு புதுப்பித்த பரிந்துரைகளிலும், பொதிந்த குழந்தையை எப்போதும் மல்லாக்கவே கிடத்த வேண்டும், புரள முயலும் அறிகுறி கண்டதும் பொதிவதை நிறுத்த வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. எடை சேர்த்துத் தைத்த உறக்க உடைகளும் வேண்டாம் என்கிறது அக்கழகம். அத்தகைய உடைகள் இன்று கடைகளில் விற்கப்படுவதால் இதையும் குறிப்பிடுகிறோம்.

இடுப்பைப் பற்றியும் ஒரு சொல். கால்களை நேராக நீட்டி இறுகக் கட்டினால் தொடை எலும்பின் தலை அதன் குழியில் சரியாகப் பொருந்தாமல் விலகக்கூடும். ஜப்பானில் 1975-ஆம் ஆண்டளவில் குழந்தைகளின் கால்களை நீட்டிக் கட்ட வேண்டாம் என்று நாடு முழுவதும் தாய்மாருக்கு அறிவுறுத்தினர். அதன்பின் அங்கே இடுப்பு விலகிய குழந்தைகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. பொதியும் மாதங்களிலுங்கூட இடுப்புக்குக் கீழே துணி தளர்வாகவே இருக்க வேண்டும். தவளையின் கால்போல் குழந்தை தன் கால்களை மடக்கி விரிக்க இடம் வேண்டும். தலை நின்ற குழந்தையைக் கால்கள் விரிந்திருக்க இடுப்பில் தூக்கிச் சுமக்கும் நம் தாய்மாரின் வழக்கம் இவ்வகையில் மிக நல்லது.

இனி, கட்டிலிருந்து குழந்தையை விடுவிக்கும் முறைக்கு வருவோம்.

புரளும் அறிகுறி இன்னும் தோன்றவில்லை என்றால் சிறிது சிறிதாகச் செய்யலாம். முதல் மூன்று இரவுகள் ஒரு கையை மட்டும் வெளியே விட்டுப் பொதியுங்கள். அடுத்த மூன்று இரவுகள் இரு கைகளையும் வெளியே விட்டு, மார்பைச் சுற்றி மட்டும் துணி இருக்கட்டும். அதன்பின் துணியே வேண்டாம். பகல் உறக்கத்தில் முதலில் தொடங்கினால் இரவு எளிதாகும். ஆனால் குழந்தை ஏற்கெனவே புரள முயன்றுவிட்டால் இந்தப் படிகளுக்கெல்லாம் இடமில்லை. அன்றிரவே கட்டு முழுவதும் போக வேண்டும். சில இரவுகள் அழுகை மிகுந்தாலும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

துணி போனதும் அதன் இடத்தில் வேறு துணைகள் வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் உறக்கத்திற்கு ஆயத்தம் செய்யுங்கள். வெந்நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைத்தல், மென்மையான பருத்திச் சட்டை அணிவித்தல், பால் கொடுத்தல், நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து சிறு செபம் சொல்லுதல், விளக்கைத் தணித்து ஒரு தாலாட்டு: இவ்வரிசை சில நாட்களில் குழந்தைக்குப் பழகிவிடும். கண் சொருகும் வேளையில், முழுவதும் உறங்குமுன்பே படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். திடுக்கிட்டுக் கைகளை விரித்தால் உடனே வாரி எடுக்க வேண்டாம். உங்கள் உள்ளங்கையை அதன் மார்பின்மீது மெல்ல வைத்து, இரு கைகளையும் மார்போடு சேர்த்துச் சிறிது நேரம் பிடித்திருங்கள். துணி செய்த வேலையை இப்போது உங்கள் கை செய்கிறது. அழுகை தணியாவிட்டால் தூக்கித் தேற்றுங்கள். தேறியபின் மறுபடி கிடத்துங்கள்.

படுக்கை சமமாகவும் உறுதியாகவும் இருக்கட்டும். தலையணை, அணைப்புத் தலையணை, கனத்த போர்வை, பஞ்சுப் பொம்மை எதுவும் அதில் வேண்டாம். குழந்தை உருளாதிருக்கப் பக்கத்தில் தலையணைகளை அணையாக வைப்பது பலர் வீட்டு வழக்கம். மூச்சை அடைக்கக்கூடிய பொருள்கள் அவையே. தாயின் பாய்க்கு அருகிலேயே, ஆனால் தனியே விரித்த படுக்கையில் குழந்தை உறங்குவது நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் மெல்லிய சட்டை ஒன்று போதும். உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் போர்வைக்குப் பதிலாகச் சட்டைமேல் இன்னொரு சட்டை அணிவியுங்கள். கை கால் சில்லென்று இருக்கிறதா என்று பார்ப்பதைவிடப் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் உடை அதிகம் என்று பொருள்.

'கட்டுத்தானே வேண்டாம், இரவெல்லாம் தூளியில் இடலாமே' என்று சில பாட்டிமார் கேட்பர். தூளியின் குழிவில் சிறு குழந்தையின் மோவாய் மார்பில் அழுந்தி மூச்சுத் தடைப்படலாம். வளர்ந்த குழந்தை எழ முயன்று விழவும், சேலையில் சிக்கவும் கூடும். விழித்திருக்கும் ஒருவர் கண்காணிப்பில் சிறிது நேரம் ஆட்டுவது வேறு. எல்லோரும் உறங்கும் இரவில் அதில் விட்டுவிடுவது வேறு.

பகலில், குழந்தை விழித்திருக்கும்போது, பக்கத்தில் அமர்ந்து சிறிது நேரம் குப்புறப் படுக்க வைத்து விளையாட்டுக் காட்டுங்கள். கழுத்தும் தோளும் கையும் உறுதிப்படும். உறங்க வைக்கையில் எப்போதும் மல்லாக்கவே கிடத்துங்கள். இரு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை உறக்கத்தில் திரும்பிக்கொண்டால், இரவெல்லாம் விழித்திருந்து திருப்ப வேண்டியதில்லை.

சில குழந்தைகள் இரண்டு மூன்று நாட்களில் பழகிவிடும். சிலவற்றுக்கு இரண்டு வாரமும் ஆகலாம். இந்நாட்களில் தாய் ஒருத்தியே இரவெல்லாம் விழித்திருப்பது நீதியன்று. தந்தையருக்குச் சொல்கிறோம்: பால் கொடுப்பது உங்களால் இயலாது, மார்பில் கை வைத்துத் தேற்றுவது இயலும். நள்ளிரவில் தாயையும் பாலனையும் எழுப்பிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்ட சூசையப்பர் உங்களுக்கு முன்மாதிரி. இரவின் ஒரு பகுதியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மனைவிக்கு நான்கு மணி நேரமாவது உறக்கம் கிட்டும். குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, மூச்சிலோ பால் குடிப்பதிலோ குறை தெரிந்தாலோ மருத்துவரைக் கேட்டே எதையும் செய்யுங்கள். அழுகையை அடக்க எந்தத் தூக்க மருந்தையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

மாமியார் மருமகள் வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு ஞாயிறுகள் கழித்து அவர்களை மறுபடி கண்டோம். முதல் நான்கு இரவுகள் கடினமாய் இருந்தனவாம். மருமகள் நள்ளிரவு வரை, மகன் அதன்பின், விடியற்காலையில் பாட்டி என்று முறை வைத்துக்கொண்டனராம். கட்டிய துணியை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். "என் பழைய சேலையைக் கிழித்ததுதானே! துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த பேரனுக்கோ பேத்திக்கோ உதவும். அதற்கும் மூன்றாம் மாதம் வரைதான்" என்று பெரியவர் சிரித்தார். மருமகளும் சிரித்தாள்.

லூக்காவின் அதே இரண்டாம் அதிகாரத்தை இறுதிவரை படித்துப் பாருங்கள். துணியில் பொதியப்பட்டுத் தொடங்கும் குழந்தை, அதிகாரம் முடியுமுன் பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்திருக்கிறது. தாய் மூன்று நாள் தேடித் துயருறுகிறார். பொதிந்த கையே விடவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நம் இல்லங்களில் அந்தப் பாடம் நான்காம் மாதத்தில், ஒரு துண்டுத் துணியை அவிழ்ப்பதில் தொடங்குகிறது. இன்றிரவு உங்கள் குழந்தையைக் கிடத்துமுன், அது தோளை உயர்த்தித் திரும்பப் பார்க்கிறதா என்று ஒரு நிமிடம் கவனியுங்கள். திரும்பினால், துணியை மடித்து வைத்துவிட்டு, நெற்றியில் சிலுவை வரைந்து, கைகளை விடுதலையாக விட்டு உறங்கச் செய்யுங்கள். திருக்குடும்பம் உங்கள் இல்லத்தைக் காக்கட்டும்.