ஒரு சோலியும் இல்லாமல்

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட கரிசல் ஊர் எங்கள் இளையரசனேந்தல். எங்கள் பக்கத்தில் ‘சோலி’ என்றால் வேலை, காரியம். ஒரு பெண் தெருமுனையைத் தாண்டினால் முதலில் வரும் கேள்வி “ஏட்டி, என்ன சோலியா போற?” என்பதுதான். அதற்குப் பதில் இருந்தாக வேண்டும். மகளுக்குப் பிரசவம், மாமியாருக்கு ஆஸ்பத்திரி, துக்க வீடு, சடங்கு வீடு, கோயில் நேர்த்திக்கடன். இவற்றில் ஒன்றைச் சொன்னால் பஸ் ஏறலாம்.

ஆணிடம் இந்தக் கேள்வி வருவதில்லை. டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் “சும்மாதான்” என்பார். அது போதுமான பதில். அதே ‘சும்மா’ பெண்ணோடு சேரும்போது வசவாகிவிடுகிறது. “வீட்ல சும்மாதான இருக்கா?” என்றால் அவள் பார்க்கும் வேலைக்கு மதிப்பில்லை என்று பொருள். “சும்மா சுத்துறா” என்றால் அவள் நடத்தை சரியில்லை என்று பொருள். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபோது ஆண்கள் என்ன புலம்பினார்கள்? அரசுக்கு நட்டம் என்றா? “ஓசி பஸ்ஸுல சும்மா சுத்துறாளுக” என்றார்கள்.

எங்கள் வட்டாரத்து அம்மனுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. சங்கரன்கோவில் ஆடித்தபசில் கோமதி அம்மன் புருஷனைப் பிரிந்து தனியாகத் தபசு இருக்கிறாள். அதற்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. சங்கரனையும் நாராயணனையும் ஒரே உருவில் பார்ப்பது அவளுக்கு வாய்த்த சோலி.

என் வாதம் சின்னது. பெண்ணுக்கு ஒரு சோலியும் இல்லாமல், நெடுநாள், வெளியூரில், தனக்குப் பிடித்தவர்களோடு தங்கும் உரிமை வேண்டும். இதை மற்ற உரிமைகளெல்லாம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளும் கடைசி ஆசையாக ஒதுக்கக் கூடாது.

நானும் மூன்று தோழிகளும் பிப்ரவரி கடைசியில் கிளம்பி பத்து வாரம் அந்தமானில் தங்கினோம். ஒருத்தி தையல்காரி, ஒருத்தி வேலையை விட்டிருந்த நர்ஸ், ஒருத்தி விதவை. நான் கணக்கெழுதுகிறவள், சம்பளமில்லா விடுப்பில் போனேன். சென்னையிலிருந்து கப்பலில் பங்க் வகுப்பு, ஏறக்குறைய மூன்று நாள். அங்கிருந்து படகில் ஹேவ்லாக். 2018 டிசம்பரில் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். கடற்கரை ரிசார்ட்டுக்கு எங்களிடம் காசு கிடையாது. ஊருக்குள் பாக்குத் தோப்புக்கு நடுவே ஒரு வீடு பிடித்தோம். முதலில் பார்த்த வீட்டுக்காரர் “கூட ஆம்பளை யாரும் வரலையா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டாவது வீட்டில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பாட்டி ஒருவர் சாவியைக் கொடுத்தார். வாடகை மாதம் 12,000, தலைக்கு 3,000. சாப்பாடு, கப்பல், படகு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 30,000 ரூபாய்க்குள் முடிந்தது.

நாங்கள் நால்வரும் நான்கு தெருக்காரர்கள். தெரு என்றால் என்னவென்று வாசகருக்குத் தெரியும். ஊரில் இந்த நால்வரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டிருக்க முடியாது. அங்கே சாப்பிட்டோம். முதல் வாரம் நால்வரும் காலை ஐந்து மணிக்கே அடுப்படியில் போய் நின்றோம். யாரும் எழுப்பவில்லை. உடம்பு தானாக எழுந்தது. இரண்டாம் வாரம் தையல்காரி சொன்னாள்: “பதினோரு வயசுல கரண்டியப் பிடிச்சேன். இந்தப் பத்து வாரம் நான் அடுப்பத் தொட மாட்டேன்.” சண்டை வந்தது. அது எப்படி நியாயம் என்று ஒருத்தி கேட்டாள். கடைசியில் அவள் பாத்திரம் கழுவுவது, தண்ணீர் பிடிப்பது என்று முடிவானது. கணவன், மாமியார், மகன் யாரும் இல்லாத வீட்டில் வேலையை எப்படிப் பிரிப்பது என்று பேசித் தீர்மானிக்கும் வாய்ப்பு எங்களில் யாருக்கும் அதற்கு முன் கிடைத்ததில்லை.

திரும்பி வந்ததும் ஊர் கொதித்தது. “பத்து வாரமா? பொம்பளைக மட்டுமா?” என்றார்கள். இதே ஊர்கள்தான் பெண்பிள்ளைகளை நெடுநாள் வெளியே அனுப்பின. திண்டுக்கல், கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து நூற்பாலைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து வேன் வேனாகப் பதின்வயதுப் பிள்ளைகள் போனார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர். மூன்று வருடம் விடுதியில் கிடந்து உழைத்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. அதுவும் நெடுநாள் தங்கல்தான். அங்கேயும் அறைத்தோழிகள் இருந்தார்கள், செலவும் குறைவு. வெளியே போக அனுமதியில்லை, கேட்டில் காவல், வீட்டுக்குப் பேசவும் கட்டுப்பாடு. அப்போது யாரும் கொதிக்கவில்லை. பெண் வீட்டைவிட்டு மூன்று வருடம் போகலாம், அவள் உழைப்பும் பூட்டும் இன்னொருவர் கையில் இருந்தால். பத்து வாரம் போகக் கூடாது, சாவி அவள் கையில் இருந்தால்.

அந்தமானுக்கும் பெண்கள் போகாமல் இல்லை. 1858-ல் தொடங்கிய கைதிக் குடியேற்றத்துக்குப் பெண்களையும் நாடு கடத்தினார்கள். சவுத் பாயிண்ட் பெண்கள் சிறையில் அவர்களை வரிசையில் நிறுத்தி, நன்னடத்தை பெற்ற ஆண் கைதிகள் மனைவியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்குப் போயின. கைதியாக, மனைவியாக, கூலியாகப் போனால் தீவு பெண்ணுக்கு ஆகாத இடமில்லை.

கடலும் அப்படித்தான். பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி முங்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். சேலைமேல் ஆண்சட்டை, விரலில் துணிச்சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி. 1986-ல் அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பின் அவர்களைத் தடுத்தது வனத்துறை. “பொம்பளைக்கு எதுக்குக் கடல்?” என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பிழைப்புக்கு முங்கினால் சரி, சந்தோஷத்துக்கு முங்கினால் தப்பு.

எங்கள் கரிசலில் பையன்கள் ஏழு வயதில் கிணற்றில் குதித்து நீச்சல் பழகுகிறார்கள். பெண்பிள்ளைகள் கிணற்று மேட்டில் துணி துவைக்கிறார்கள். நாற்பத்து மூன்று வயதில், தீவின் கிழக்குக் கரையில், இடுப்பளவுத் தண்ணீரில் மல்லாந்து மிதக்கக் கற்றேன். நான்கு நாள் ஆனது. பிறகு காட்டு வழியே நடந்து எலிஃபண்ட் பீச் போய், குழாயைக் கடித்துக்கொண்டு முகம் கவிழ்த்துப் பவளப்பாறையைப் பார்த்தோம்.

இது பொழுதுபோக்கு மட்டும்தானா? 2004 சுனாமிக்குப் பிறகு ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் 2,406 பெண்கள், 1,883 ஆண்கள் இறந்தார்கள். கடலூரில் 391 பெண்கள், 146 ஆண்கள். ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தார்கள், பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். நீந்தவும் மரமேறவும் பெண்களுக்குப் பழக்கம் இல்லாததும், ஓடவிடாத உடையும் பிற காரணங்கள். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்கும் இந்தக் கதி. சோலி இல்லாத விளையாட்டை மறுத்ததற்குப் பெண்கள் உயிரால் விலை கொடுத்திருக்கிறார்கள்.

“பாதுகாப்பு?” என்பார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுதோறும் 90 சதவீதத்துக்கும் மேலான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் அவளுக்குத் தெரிந்தவர். ஆபத்து கப்பலில் மட்டும் இல்லை, வீட்டைச் சுற்றியே இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஊருக்கு வெளியேயும் தனியாகப் போக அனுமதி உண்டு என்ற பெண்கள் நாட்டளவில் 42 சதவீதம் பேர்தான். அந்த ‘அனுமதி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மீதிப்பேரைப் பூட்டி வைத்ததால் யாருக்குப் பாதுகாப்பு கூடியது?

“இது வசதியானவர்களின் பெண்ணியம்” என்று தோழர்கள் சிலரே சொல்கிறார்கள். தினக்கூலிப் பெண் பத்து வாரம் போக முடியாது, உண்மை. பணம் மட்டுமே அவளைத் தடுக்கிறதென்பது உண்மையல்ல. சடங்கு, காதுகுத்து, கல்யாணம் என்று நாங்கள் வைக்கும் செய்முறையைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசு எங்கள் கையிலிருந்துதான் போகிறது. ஏழைப் பெண்ணுக்குச் சோறும் கூலியும் போதும், கடலும் ஓய்வும் தேவையில்லை என்று அவளுக்காக முடிவுசெய்ய நாம் யார்?

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் ‘தோழி’ விடுதிகள் இருக்கின்றன, நல்லது. சோலி இல்லாமல் வரும் பெண்ணுக்கும் ஊருக்கு ஊர் மலிவான, பாதுகாப்பான ஒரு கட்டில் வேண்டும். அரசுப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் நீச்சல் சொல்லித்தர வேண்டும், வயதுக்கு வந்த பிறகும் நிறுத்தாமல்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். நகைக்குச் சீட்டுப் போடத் தெரிந்த நமக்குப் பயணத்துக்கும் போடத் தெரியும். நாங்கள் நால்வரும் ஆளுக்கு மாதம் 1,500 வீதம் இருபது மாதம் போட்டோம். அடுத்த சீட்டு தை மாதம் ஆரம்பிக்கிறது. இந்த முறை எட்டுப் பேர். என்ன சோலிக்கு என்று யாரும் கேட்கப்போவதில்லை, சேருங்கள்.