கேட்டு வாங்கும் மரியாதை

1987ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் வந்த ஆனந்த விகடன் அட்டையில் ஒரு கேலிச்சித்திரம். மேடையில் இரண்டு பேர். இவர்களில் எம்.எல்.ஏ. யார், அமைச்சர் யார் என்று ஒருவர் கேட்கிறார். பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் அமைச்சர் என்று பதில் வருகிறது. டீக்கடையில் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த வாரம் மறந்துபோகிற ஜோக்தான். சட்டமன்றம் அதை மறக்க விடவில்லை. அவை உரிமை மீறல் என்று சொல்லி, ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை என்று அன்றைய பேரவைத் தலைவர் பி.எச்.பாண்டியன் ஏப்ரல் 4ஆம் தேதி அறிவித்தார். ஆசிரியர் சிறைக்குப் போனார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை. நீதிமன்றத்துக்குப் போய், அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாய் வாங்கினார். அந்தப் பணத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்.

ஆளுகிறவர்கள் மரியாதையைச் சம்பாதிக்க வேண்டுமா, பதவியோடு சேர்ந்தே வந்துவிடுமா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தக் கண்ணாடிச் சட்டம்தான் நினைவுக்கு வரும். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அவைக்கு அன்று ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்ப அதிகாரம் இருந்தது. அதனால் ஓர் ஆளின் மதிப்பையாவது அது கூட்டிக்கொண்டதா? அந்தத் தண்டனையால்தான் அட்டைப்படம் இன்றும் பேசப்படுகிறது.

பாடம் படித்திருக்கலாம். படிக்கவில்லை. 2003 நவம்பரில் அதே பேரவை, ‘தி இந்து’ பத்திரிகையைச் சேர்ந்தவர்களுக்கும் ‘முரசொலி’ ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை என்று தீர்மானம் போட்டது. முதலமைச்சரின் பேச்சை வர்ணித்த சில சொற்களும், சகிப்பின்மை பெருகுகிறது என்று எழுதிய ஒரு தலையங்கமும்தான் குற்றம். உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கைதை நிறுத்தி வைத்தது. ஒரே மன்றம், பதினாறு ஆண்டு இடைவெளி, ஆளும் ஆட்கள் வேறு, கோபம் மட்டும் அதே கோபம்.

விமர்சிப்பவர்களை மிரட்ட இன்னொரு வழியும் இருக்கிறது. உங்களையோ என்னையோ ஒருவர் அவதூறாகப் பேசினால், நாமே வக்கீல் வைத்து, நாமே கோர்ட்டுக்கு அலைய வேண்டும். ஓர் அமைச்சரின் அரசுப் பணியைப் பற்றிப் பேசினால் அப்படியில்லை. அரசு அனுமதி கொடுத்தால் போதும், அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்தில் நேராக வழக்குப் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199ஆம் பிரிவில் இருந்த இந்த வசதியை, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். செலவு நம் வரிப்பணம். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகை ஆசிரியர்கள் மேல் இருந்த இத்தகைய பல வழக்குகளை ரத்து செய்தபோது, பெற்றோர் இடத்தில் இருக்கும் அரசு சாதாரண ஆளைப் போல வெடுக்கென்று கோபப்படக் கூடாது என்ற பொருளில் சொன்னது. பொன்னான தீர்ப்பு. ஆனால் வழக்குப் போடும் அதிகாரம் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

மேலே இருப்பவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் திங்கள்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். குறைதீர்ப்பு நாள். வாசல் மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் போன ஒரு நாளில், முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டிக்கு ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். “அய்யா அவர்களின் பொற்பாதங்களைப் பணிந்து” என்று தொடங்கி, முக்கால் பக்கம் பணிந்த பிறகுதான் பணம் எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்ற விஷயத்துக்கு வந்தார். “இவ்வளவு எதுக்குங்க?” என்று கேட்டேன். “இப்படி எழுதினாத்தான் சார் படிப்பாங்க” என்றார். பாட்டி தலையாட்டினார். மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய். அது அரசே திட்டம் போட்டு அவருக்குத் தருவதாகச் சொன்ன பணம். அதைக் கேட்க அவர் யார் காலிலும் விழ வேண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியம் எத்தனை தலைமுறையாக எழுதப்படுகிறதோ, அத்தனை தலைமுறையாக நாற்காலியில் இருப்பவர் அதைத் தனக்குரிய வரவாக எழுதிக்கொள்கிறார். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்குத்தான் வழிவிடும் என்று அம்பேத்கர் 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். அவர் சொன்னது அந்தப் பாட்டிக்காகவும்தான்.

மரியாதையைச் சம்பாதித்தவர்கள் நம் ஊரில் இல்லாமல் இல்லை. காமராஜர் ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்தார். மூடிய பள்ளிகளைத் திறந்தார், பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார். கடைசி வரை தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீடு. விருதுநகரில் அம்மா வீட்டுக்கென்று தனியாகப் போட்ட தண்ணீர்க் குழாயைப் பிடுங்கச் சொன்னார் என்று அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். அப்படிப்பட்டவரை 1967இல் அதே விருதுநகர் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஜெயித்தவர் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். அரிசித் தட்டுப்பாடும் மொழிப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடும் மக்களுக்கு மறக்கவில்லை. அதை நான் அவமானமாகப் பார்க்கவில்லை. காமராஜரை மதித்த ஊரே அவருடைய கட்சி ஆட்சியைக் கணக்குக் கேட்டது. மரியாதை இருந்தால் கேள்வி கேட்கக் கூடாது என்று அந்த வாக்காளர்கள் நினைக்கவில்லை. காமராஜரும் மக்கள் மேல் வழக்குப் போடவில்லை. இரண்டே ஆண்டில் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தலைவரின் சாதியை இழுப்பதும், பெண் தலைவர் என்றால் மேடையேறிக் கொச்சையாகப் பேசுவதும் கேள்வி கேட்பது ஆகாது. மனிதருக்கு மனிதர் காட்ட வேண்டிய நாகரிகம் தெருவில் போகிறவருக்கும் உண்டு, முதலமைச்சருக்கும் உண்டு. அதை யாரும் சம்பாதிக்க வேண்டியதில்லை. சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்படுவதும் நம் கடமை. அதற்கு மேல் மனசார வருகிற மதிப்பு இருக்கிறதே, அது வேலையைப் பார்த்து, நடத்தையைப் பார்த்து, மக்கள் தாமாகத் தருவது. தராமலிருக்கவும், தந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

சட்டமன்றத்தின் உரிமைகள் எவை என்று சட்டம் இயற்றி வரையறுத்துக்கொள்ள அரசியலமைப்பின் 194ஆம் பிரிவு இடம் தருகிறது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அப்படி ஒரு முழுமையான சட்டம் வரவில்லை. எது மீறல், என்ன தண்டனை என்பதை அந்தந்த நேரத்து அவையின் கோபம் தீர்மானிக்கிறது. அந்தச் சட்டத்தை இயற்றுங்கள். விமர்சனத்துக்குச் சிறைத் தண்டனை கிடையாது என்று அதில் எழுதுங்கள். அமைச்சருக்காக அரசு வழக்கறிஞர் அவதூறு வழக்குப் போட இனி அனுமதி தர மாட்டோம் என்று அவையிலேயே அறிவியுங்கள். இதற்கு டெல்லியின் ஒப்புதலோ நிதியோ தேவையில்லை. வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் இதைச் செய்வீர்களா என்று கேளுங்கள். கைகட்டாமல் கேளுங்கள்.